இடது கை கேட்கும் இருபத்திரண்டு சதவீதம்

மார்ச் 19, புதன்கிழமை

அன்புள்ள ரெய்னோ அண்ணாவுக்கு,

ஐலா எழுதுவது. ஒரே மாதத்தில், ஒரே அலுவலகத்துக்கு, என் பெயரில், வேறு வேறு சதவீதம் குறித்த இரண்டு படிவங்களை அனுப்பியது யார் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. முறைப்படி நலம் விசாரித்துவிட்டு இதற்கு வந்திருக்க வேண்டும். நான் நலம் விசாரிக்கும்போதே நீ கண்ணால் இந்தப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருப்பாய் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன். இனி முறைப்படி: நீயும் பெவர்லி அண்ணியும் அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே பனி சமையலறை ஜன்னலின் பாதி உயரம் நிற்கிறது. ஏரி கரையிலிருந்து ஒரு மைல் வரை உறைந்திருக்கிறது. நான் நலம். வலது கையும் வலது காலும் பழையபடியே. இடது கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதை அந்த இடது கையின் ஆள்காட்டி விரலால் தட்டச்சு செய்கிறேன். தட்டச்சில் அது தலையிடுவதில்லை. பேனா பிடித்தால்தான் அதற்குத் தனிக் கருத்து வருகிறது. இந்த வாக்கியத்தை நீ அண்ணியிடம் படித்துக் காட்டுவாய், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள், பிறகு நீ எனக்கு அனுப்பியிருக்கும் சம்மதப் பத்திரத்தை நினைத்துக்கொள்வாய். அதில் நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். என் உதவித்தொகை உன் பெயருக்கு வரும், என் வரவு செலவை நீ பார்ப்பாய், மே மாதம் இந்த வீடு விற்கப்படும், உங்கள் கார் ஷெட்டை மாற்றிக் கட்டிய அறையில் நான் குடியேறுவேன். என் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் புத்தி என்னிடம் இருக்கிறது என்று உனக்குக் காட்டுவதற்காகத்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது என்ன காட்டியிருப்பேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை.

ஆரம்பம் உன்னிடமிருந்துதான். மூன்று வருடத்துக்கு முன் வகுப்பில் பாறைத் துண்டு ஒன்றை மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது அது என் கையிலிருந்து விழுந்தது, பிறகு நானும் விழுந்தேன். பக்கவாதம் என்றார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மறுபடி விண்ணப்பித்து, இரண்டு வருட நிலுவை மொத்தமாக ஒரே நாளில் வந்தது. அன்று நீ போனில், "ஊனத்துக்குக் குடுக்கற பணத்துக்குப் போய் எவனாவது வரி போடுவானா? நிம்மதியா தூங்கு ஐலா" என்றாய். இருபத்தாறு வருடம் காப்பீடு விற்றவன் சொல்கிறாய் என்று தூங்கினேன். போன ஏப்ரலில் வந்த வரித் தொகையைப் பார்த்துவிட்டு நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் போனேன். அங்கே செவ்வாய், வியாழன் இரு நாளும் வெர்னர் லெஹ்தோ சார் இலவசமாக வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். பள்ளியில் நம் இருவருக்கும் கணக்குப் பாடம் எடுத்த அதே லெஹ்தோ சார். எண்பது வயது ஆகிறது. காது நன்றாகக் கேட்கிறது, கேட்காத மாதிரி இருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் வாக்கை அவரிடம் சொன்னேன். "உங்க அண்ணன் பாதி சரி. எப்பவுமே அவனுக்குப் பாதி மார்க்தான். இந்தப் பணம் மட்டும்தான் வருமானம்னா வரி கிடையாது. உனக்கு யுனிவர்சிட்டி பென்ஷனும் வருதே. அந்தப் பென்ஷனோட இதுல பாதியைக் கூட்டிப் பாப்பாங்க. தனி ஆளுக்கு இருபத்தஞ்சாயிரம் டாலரைத் தாண்டிச்சுன்னா இதுவும் கொஞ்சம் கொஞ்சமா வரிக்குள்ள வந்துடும். நூத்துக்கு எண்பத்தஞ்சு வரைக்கும்" என்றார். பிறகு, நிலுவையை அந்தந்த வருடத்துக்குரியதாகப் பிரித்துக் கணக்கிட வழி இருக்கிறது என்று சொல்லி, மூன்று மணி நேரம் பென்சிலைக் கடித்தபடி உட்கார்ந்து வரியைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார். நான் நன்றி சொன்னபோது வேறு பக்கம் பார்த்தார்.

இந்த வருடம் அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். ஏப்ரலில் மொத்தமாகக் கட்டுவதற்குப் பதிலாக, மாதாமாதம் உதவித்தொகையிலேயே வரியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் நான்கு கட்டங்கள்: ஏழு, பத்து, பன்னிரண்டு, இருபத்திரண்டு சதவீதம். இடையில் எதுவும் கிடையாது. பன்னிரண்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் யாரோ படிகளைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டது போல் இருக்கிறது. எனக்கு மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருகிறது. பென்ஷன், வீட்டுக் கடனுக்கும் மருந்துக்கும் சரியாகிவிடுகிறது. உதவித்தொகையில் மற்ற செலவெல்லாம் போகக் கையில் நிற்பது நானூறு சொச்சம், அதுதான் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் செலவு. இருபத்திரண்டு சதவீதம் என்றால் நானூற்றுப் பதினெட்டு. அந்தக் கட்டத்தைக் குறித்தால் இந்த வீட்டில் நான் இருக்க முடியாது. குறைவாகக் குறித்தால் ஏப்ரலில் கையைப் பிசைய வேண்டும், உன் பத்திரம் ஜெயிக்கும். ஜனவரிக் கடைசியில் லெஹ்தோ சார் எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எதைக் குறிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ ஊரைவிட்டுப் போய் முப்பது வருடம் ஆகிறது, மறந்திருப்பாய். இங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து என் வாசலுக்கும் தபால் பெட்டிக்கும் நடுவே யாரோ பனியைத் தள்ளிவிடுகிறார்கள். சௌனா நீராவிக் குடிலுக்குப் பின்னால் விறகு குறைவதே இல்லை. யார் என்று பார்த்ததில்லை. கேட்டால் செய்தவரை அவமதித்த மாதிரி ஆகும். ஒரு நன்றியைச் சொல்லி உதவிக் கடனைக் கழித்துவிடப் பார்க்கிறாள் என்பார்கள். ஆகவே நானே எண்களைப் பார்த்து யோசித்துப் பத்து என்று முடிவெடுத்தேன்.

பிப்ரவரி நான்காம் தேதி காலை பத்து மணிக்கு, காபியும் ஏலக்காய் ரொட்டியும் முடிந்த பிறகு, சமையலறை மேஜையில் இடது கையால் படிவத்தை நிரப்பினேன். பத்து சதவீதக் கட்டத்தைக் குறித்தேன். என் இடது கை எழுத்து உனக்குத் தெரியும், வேலிக் கம்பியை வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். உறையில் போட்டு, ஒட்டாமல் மேஜையிலேயே வைத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு வழக்கம்போல் ஒரு மணி நேரம் படுத்தேன். எழுந்தபோது மேஜையில் உறை இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். சாலையோரம் தபால் பெட்டியின் சிவப்புக் கொடி தூக்கியிருந்தது. உள்ளே அனுப்ப வேண்டிய கடிதம் இருக்கிறது என்று தபால்காரி டார்லாவுக்கு அடையாளம். அன்று மதியம் விழுந்த புதுப் பனியில் வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் தடம். ஒரு காலடி, அதன் பக்கத்தில் எதையோ இழுத்துக்கொண்டு போன கோடு. மறுபடி ஒரு காலடி, மறுபடி கோடு. போன தடமும் வந்த தடமும். பனி தள்ளுகிற அந்த யாரோ ஒருவர் உள்ளே வந்து, உறையைப் பார்த்து, தபாலிலும் சேர்த்துவிட்டார், கையில் சறுக்குவண்டி எதையோ இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். யாரையும் கேட்கவில்லை. அடுப்பின் பக்கத்தில் என் பூட்ஸ் ஈரமாக இருந்ததையும் பார்த்தேன். அதையும் யாரையும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தங்கள் விருப்பப்படி இருபத்திரண்டு சதவீதம் பிடிக்கப்படும். கூடவே நான் அனுப்பியதாகச் சொல்லப்படும் படிவத்தின் நகல். அது நான் நிரப்பிய தாள் அல்ல, குறி இருபத்திரண்டில் இருந்தது. கீழே ஐலா ரவுத்தியோ என்ற கையெழுத்து அழகாக, இடப்பக்கம் சாய்ந்து, நிதானமாக இருந்தது. என் பழைய கையெழுத்து அப்படி இருந்ததில்லை, இப்போதைய கிறுக்கலும் அப்படி இல்லை. ஆனால் கோட்டின் தடிமன் என் மேஜைப் பேனாவின் தடிமன். நான் படித்தது பாறையியல். கல் நகர்ந்திருந்தால் எது நகர்த்தியது என்று தேடுவதுதான் எங்கள் தொழில். ஆகவே நூலகத்திலிருந்து பத்து சென்ட் வீதம் ஏழு புதுப் படிவங்கள் அச்செடுத்து வந்து, பேனாவை இடது கையில் கொடுத்துவிட்டுக் கண் எடுக்காமல் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டார்லாவின் ஜீப் சத்தம் கேட்டு ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தேன். திரும்பியபோது இருபத்திரண்டில் குறி விழுந்திருந்தது. கை, கோப்பையைத் தட்டிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் பூனை மாதிரி தாளின் மேல் படுத்திருந்தது.

அடுத்த படிவத்தில் அந்தக் கட்டத்தின் மேல் நாடா ஒட்டினேன். நாடாவின் மேல் குறித்தது. அதற்கடுத்ததில் நாடாவுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு என்று எழுத்தால் எழுதியது. ஆறாவது படிவத்தில் அந்தக் கட்டத்தின் மேல் அம்மாவின் இரும்பு வாணலியைக் கவிழ்த்து வைத்து, பத்து சதவீதக் கட்டத்தை ஒருவழியாகக் கிறுக்கி, கையெழுத்தையும் கிறுக்கி, பெட்டியில் போடாமல் டார்லாவின் கையிலேயே கொடுத்தேன். வாணலி எண்ணெய் தாளில் பட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்கு அப்பம் அனுப்புகிறேனா என்று கேட்டாள்.

நரம்பியல் டாக்டரிடம் போனில் சொன்னேன். சில பக்கவாதங்களுக்குப் பிறகு ஒரு கை சொந்தமாக இயங்குவது உண்டு, அபூர்வம், ஆனால் புத்தகத்தில் இருக்கிறது என்றார். பயப்படாதீர்கள் என்றார். கூடவே, "இதை மட்டும் எழுத்துல யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார். உனக்கு எழுத்தில் கொடுக்கிறேன். அவருடைய விளக்கத்தை நான் நம்புகிறேன். கை ஏன் நகர்கிறது என்பதை அது விளக்குகிறது. ஏன் ஏழும் வேண்டாம், பன்னிரண்டும் வேண்டாம், இருபத்திரண்டுதான் வேண்டும் என்கிறது என்பதை விளக்கவில்லை.

போன வியாழக்கிழமை கீழ்த்தளத்தில் லெஹ்தோ சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிறிது நேரம் என் கையைப் பார்த்தார், பள்ளியில் தவறான விடை எழுதிய பையனைப் பார்ப்பது போல. பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, பேனாவை அதற்குக் கொடுத்து, என்னைக் கேட்காமல் அதையே கேட்டார்: "ஏன் இருபத்திரண்டு?"

நான் வேண்டுமென்றே சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்தேன். பேனா ஓடும் சத்தம் கேட்டது. குனிந்தபோது அந்தச் சாய்ந்த அழகான எழுத்தில் இரண்டு சொல் இருந்தது: நாங்கள் இருவர்.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "ரெண்டு பேர்னா வரம்பு முப்பத்திரண்டாயிரம் ஆயிடும். வரி குறையும், கூடாது. இதுக்கு வரிச் சட்டம் தெரியல" என்றார். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு மேஜை மரத்தில் இறங்கியது. அவர் பேனாவை மெதுவாகப் பிடுங்கி மூடினார். பக்கத்து மேஜையில் வரி எழுத வந்திருந்த அம்மாள் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை, நம் ஊர் ஆள் ஆயிற்றே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து காலையில் நான் விழிக்கும்போது இடது கை, வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்திருப்பது பரவாயில்லை. பிடித்திருக்கும் விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, நாடி பார்க்கிற மாதிரி.

இந்த மாத உதவித்தொகையில் நானூற்றுப் பதினெட்டு குறைந்து வந்தது. கேஸ்காரருக்குத் தவணை சொன்னேன். திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம்: பிப்ரவரியில் தங்களிடமிருந்து வேறு வேறு சதவீதமும் வேறு வேறு கையெழுத்தும் கொண்ட இரண்டு படிவங்கள் வந்துள்ளன, இருபதாம் தேதி நேரில் வந்து எது தங்களுடையது என்று உறுதிப்படுத்தவும். அதை அண்ணியிடம் போனில் படித்துக் காட்டியது என் தவறு. மறுநாளே உன் கேள்வியும் பத்திரமும் விரைவுத் தபாலில் வந்துவிட்டன. எது என்னுடையது என்று நாளைக்குக் கேட்பார்கள். இரண்டுமே என் கை எழுதியவை. ஒன்றைத்தான் நான் எழுதினேன். இதைக் கவுன்ட்டரில் நின்றுகொண்டு ஒரு அரசு ஊழியரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் என் காரியத்தை நான் பார்த்துக்கொள்ள முடியாது என்று அவர்களே எழுதிவிடுவார்கள். சொல்லாவிட்டால் பொய் சொன்னவள் ஆவேன்.

ஆகவே, அண்ணா, நீ ஜெயித்தாய். இன்று காலை உன் பத்திரத்தை மேஜையில் வைத்துப் பேனாவை எடுத்தேன். இடது கை தகராறே செய்யவில்லை. முதல் முயற்சியிலேயே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கோட்டின் மேல் பிசகாமல் கையெழுத்துப் போட்டது. தேதியையும் அதுவே போட்டது. லெஹ்தோ சாரிடம் போனில் சொன்னேன். "அதுக்கு அரிசோனா பிடிக்குமோ என்னமோ" என்றார், நாளை அலுவலகத்துக்கு வண்டி ஓட்டி வருவதாகவும் சொன்னார். பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மே மாதம் வா. ஏரி உருகுவதற்குள் வந்தால் நல்லது, உருகிய பிறகு எனக்கு மனம் மாறக்கூடும். அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்தது என்று அண்ணியிடம் கேட்டுச் சொல்.

உங்கள் இருவருக்கும் வெயிலும் உடம்பும் ஒத்துப்போகட்டும். அண்ணிக்கு என் அன்பு, அவர் முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உன் தங்கை,
ஐலா

பின்குறிப்பு, வியாழன் மாலை: உறையை ஒட்டவில்லை என்பதால் இன்று நடந்ததையும் எழுதுகிறேன்.

மூன்றாம் எண் கவுன்ட்டரில் சளி பிடித்த ஒரு பெண்மணி இருந்தார். இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது என்னுடையது என்று கேட்டார். வழியெல்லாம் யோசித்துவைத்திருந்த பதிலை விட்டுவிட்டு இரண்டையும் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் வேணாம் மேடம். என் முன்னாடி புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். சங்கிலி போட்ட பேனா ஒன்று இருந்தது. இடது கையின் கையுறையைப் பல்லால் கழற்றி, பேனாவைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தது. பிறகு மேஜையில் வைத்துவிட்டது. மறுபடி சொன்னேன். விரல்களை மடக்கிக்கொண்டது. அப்போது கழுத்திலிருந்து தொங்கும் தூளியில் இருந்த என் வலது கை வெளியே வந்தது. மூன்று வருடமாக ஒரு கரண்டியைக்கூடத் தூக்காத கை. அறைக்குள் யாரோ நுழைவதைப் பார்ப்பது போல நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுத்தது. பத்தைக் குறிக்கவில்லை, இருபத்திரண்டையும் குறிக்கவில்லை. பன்னிரண்டைக் குறித்தது. என் பழைய கையெழுத்தைப் போட்டது. அந்தப் பெண்மணி அதை என் ஓட்டுநர் உரிமத்தோடு ஒப்பிட்டு, சரி என்று முத்திரை குத்தினார். மனசாட்சி கேட்காமல், இதுதான் வேலை செய்யாத கை என்று அவரிடம் சொன்னேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "உடம்பு விஷயமெல்லாம் அஞ்சாம் நம்பர் கவுன்ட்டர் மேடம். நான் சதவீதம் மட்டும்தான்" என்றார். ஐந்தாம் எண் கவுன்ட்டரில் திரை இறங்கியிருந்தது. திங்கட்கிழமை திறக்கும் என்று எழுதியிருந்தது.

என் காரியம் என் கையெழுத்தில் முடிந்துவிட்டபடியால் உன் பத்திரத்தை இத்துடன் வைக்கவில்லை. சௌனா அடுப்பில் போட்டுவிட்டேன். உறைக்குள் தேட வேண்டாம், மே மாதம் வர வேண்டாம்.

திரும்பும்போது லெஹ்தோ சார் எந்தக் கட்டம் என்று கேட்டார். சொன்னேன். "ஜனவரியில நான் போட்டப்ப பதினொண்ணு புள்ளி நாலு வந்துச்சு. பன்னிரண்டுதான் சரி" என்றார். இரண்டு மாதமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். "நாங்க சொல்லக் கூடாது, அது விதி. நீ கேட்டிருந்தா விதியை யாரு பாக்கப் போறா? நீ கேக்கலையே" என்றார். ஏரிச் சாலையில் திரும்பினோம். வலது கை தூளிக்குள் திரும்பிப் போய்விட்டது. கிள்ளிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை ஐந்தாம் கவுன்ட்டரில் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இருக்காது, மூன்றாம் கவுன்ட்டரில் முத்திரை குத்திய தாளைத் தவிர. வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்: "இந்தக் கை எழுதிச்சுன்னு நான் அங்க போய்ச் சொல்லணுமா சார்?"

அவர் இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு, "திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரேன். ரெடியா இரு" என்றார்.